முதல் அழைப்பும் மறுமொழியும்

பிழைப்புக்காக அன்றி மன உல்லாசத்துக்காக ஒரு வித்தையில் ஈடுபட்டவர்கள் ஒன்றுகூடும் இடத்தில், ஒரு சம்பிரதாயமும் ஒரு பரிபாஷையும் மூத்தோர் இளையோர் என்ற ஒரு வரிசையும் யாரும் திட்டமிடாமலே ஏற்பட்டுவிடுகின்றன. சதுரங்கச் சங்கமானாலும் பஜனை கோஷ்டியானாலும் இந்த நியதிக்கு விலக்கில்லை. ஆயினும் முகம் பார்த்துப் பழகும் கூட்டங்களில் புதியவனுக்கு ஓர் அநுகூலம் உண்டு: வாயிற்படியில் நின்று அவன் தயங்குவதைக் கண்ட யாராவது ஒருவர், "வாருங்கள், உட்காருங்கள்" என்று சொல்லிவிடுவார். ஒருவரை ஒருவர் காணாமல் குரலாலோ எழுத்தாலோ மட்டும் உறவாடும் கூட்டங்களில் அவனுடைய தயக்கம் எவர் கண்ணிலும் படுவதில்லை. அவன் செய்யும் பிழைதான் படுகிறது.

இத்தகைய கூட்டங்களில் சேர விரும்புகிறவனுக்கு வழங்கப்படும் புத்திமதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. விதிகளைப் படி, பணிவாக இரு, முன்பே கேட்கப்பட்ட கேள்வியை மறுபடி கேட்காதே, மூத்தவர்களோடு வாதாடாதே. நல்ல புத்திமதிகளே; ஆனால் பொருந்திப்போகும் பொறுப்பு முழுவதையும் வந்தவன் தலையில் சுமத்திவிட்டு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் கடமையைப் பற்றி இவை மௌனம் சாதிக்கின்றன என்பது என் அபிப்பிராயம். இதைப் பரிசீலிப்பதற்கு இரண்டு கூட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, இணையம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே முகமறியா நட்பை உலக அளவில் நடத்திக் காட்டிய அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் ரேடியோ என்று எங்கும் வழங்கும் பொழுதுபோக்கு. மற்றொன்று, இணையத்திலேயே பிறந்து வளர்ந்த விக்கிப்பீடியா. முன்னதைப் பற்றியே விரிவாகப் பேசப்போகிறேன். நூறு ஆண்டு அநுபவம் உள்ளவர்கள் அவர்கள்தாம்.

மார்க்கோனியின் வெற்றிகளைப் பத்திரிகைகளில் படித்து உற்சாகம் கொண்ட அமெரிக்க இளைஞர்கள் பலர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீப்பொறிச் சுருள்களையும் செம்புக் கம்பிகளையும் கொண்டு தங்கள் வீட்டு மாடிகளில் கம்பியில்லாத் தந்தி நிலையங்களை அமைத்துக்கொண்டார்கள். லைசென்ஸ் கிடையாது, சட்டம் கிடையாது. வானவெளி எல்லோருக்கும் பொது. கடற்படையின் செய்திகளுக்கு இவர்களால் இடையூறு நேர்கிறது என்ற புகார் வலுத்தபோது, 1912-இல் ஒரு சட்டம் பிறந்தது. அமெச்சூர்கள் லைசென்ஸ் பெறவேண்டும். 200 மீட்டருக்கு உட்பட்ட அலைநீளங்களையே அவர்கள் கையாளலாம். அந்தச் சிற்றலைகள் தூரம் போகமாட்டா, ஆகையால் பயனற்றவை என்பது அன்றைய நிபுணர்களின் எண்ணம். பயனற்றது என்று ஒதுக்கித் தரப்பட்ட அந்த இடத்தில் இருந்துகொண்டேதான் 1921 டிசம்பரில் அவர்கள் ஓர் அற்புதத்தை நிகழ்த்தினார்கள். ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராஸன் கடற்கரையருகே கூடாரம் அடித்துத் தங்கிய பால் காட்லி என்பவர், அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த சக அமெச்சூர்களின் சமிக்ஞைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1923 நவம்பரில், பிரான்ஸின் நீஸ் நகரத்திலிருந்த லியோன் டெலோயும் அமெரிக்காவிலிருந்த ஃப்ரெட் ஷ்னெலும் சமுத்திரத்தைத் தாண்டி இருவழியாகச் செய்தி பரிமாறிக்கொண்டார்கள்.

சென்னையிலும் இந்த உற்சாகத்தின் அலை வந்து மோதியது. சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியார் முயற்சியால் 1924 மே மாதம் தோன்றிய சென்னை மாகாண ரேடியோ கிளப், அவ்வாண்டு ஜூலை 31-இல் ஒலிபரப்பைத் தொடங்கி, பணமுடையால் 1927-இல் நின்றுபோயிற்று. பின்னர் 1930 ஏப்ரலில் சென்னை நகரசபை அந்தப் பணியை ஏற்று நடத்தியது. ஆர்வலர்களின் சங்கமாகத் தொடங்கிய அது ஒலிபரப்பு நிலையமாக மாறியதும், பேசுகிறவர் சிலர், கேட்கிறவர் பலர் என்ற பிரிவினை நிலைத்துவிட்டது. கேட்கிறவன் பேசவேண்டியதில்லை என்ற இடத்தில் புதியவன் என்பவனும் இல்லை. நாம் எடுத்துக்கொண்ட பிரச்சினையும் அங்கே எழுவதில்லை. ஹாம்களின் உலகில் கேட்கிற ஒவ்வொருவனும் ஒரு நாள் பேசத்தான் வேண்டும். சங்கடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

வானவெளி பொது என்றேன். ஆனால் அது அகண்டமான பொது அன்று. அமெச்சூர்களுக்கு விடப்பட்ட அலைவரிசைகள் குறுகலானவை. ஒருவன் கவனக்குறைவாகப் பேசத் தொடங்கினால், ஆயிரம் மைல்களுக்கு அப்பால் நடக்கும் வேறொருவர் சம்பாஷணை கெட்டுப்போகும். ஆகவே அங்கே மரியாதை என்பது உபசாரம் அன்று. அது இல்லாவிட்டால் அந்தப் பொழுதுபோக்கே இல்லை. இதை முதலில் உணர்ந்து உரக்கச் சொன்னவர், 1914-இல் அமெரிக்க அமெச்சூர்களின் சங்கத்தை நிறுவிய ஹிராம் பெர்ஸி மாக்ஸிம். இவருடைய தகப்பனார் மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். மகனோ துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவியைக் கண்டுபிடித்தவர். வானவெளியில் எழுந்த கூச்சலையும் அடக்க முற்பட்டது அவர் சுபாவத்துக்கு ஏற்றதே. 1915-இல் தொடங்கிய 'க்யூ.எஸ்.டி.' என்ற சங்கப் பத்திரிகையில், 'கிழவன்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரைகள், தாறுமாறாகத் தந்தி அடிப்பவர்களையும் ஓயாமல் அழைத்துக்கொண்டே இருந்து யார் மறுமொழி சொன்னாலும் காது கொடுக்காதவர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டின. அத்தகையவர்களைத் தண்டிப்பதற்கு 'வூஃப் ஹாங்' என்றொரு சித்திரவதைக் கருவி உண்டு என்றும் அவர் புளுகினார். வாசகர்கள் திகைத்திருக்கையில், கிழவனே அனுப்பிய ஒரு விசித்திரமான மரக்கருவி சங்கத்தின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. அது இன்றும் அங்கே பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. கிழவன் யார் என்பது 1936-இல் மாக்ஸிம் காலமான பிறகே வெளியாயிற்று.

இந்த விளையாட்டில் ஒரு சூக்ஷ்மம் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கிழவன் திட்டியது கெட்ட பழக்கங்களையே; பெயர் சொல்லி ஓர் இளைஞனை நடுவீதியில் நிறுத்தித் திட்டவில்லை. படிக்கிறவன் சிரித்துக்கொண்டே, "இந்தக் குற்றம் என்னிடமும் இருக்கிறதே" என்று தனக்குள் ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ள அதில் இடம் இருந்தது.

1928-இல் பால் சீகல் என்பவர் அமெச்சூர்களுக்கென்று ஒரு நடத்தை நெறி வகுத்தார். ஆறு குணங்களைக் கூறும் அந்தச் சிறிய சாசனம் உலகமெங்கும் ஹாம்களின் கையேடுகளில் முதற்பக்கங்களில் அச்சாகியிருக்கிறது. அதில் நட்பு என்ற குணத்துக்கு அவர் தரும் விளக்கத்தை நாம் கூர்ந்து நோக்கவேண்டும்; ஏனெனில் எதிரே இருப்பவர் கேட்டுக்கொண்டால் மெதுவாகவும் பொறுமையாகவும் செய்தி அனுப்புவதும், ஆரம்ப நிலையில் உள்ளவனுக்கு யோசனை கூறுவதும் அந்த விளக்கத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. பணிவு புதியவனுக்கு விதிக்கப்படுவதற்கு முன்பே பொறுமை மூத்தவனுக்கு விதிக்கப்பட்டாயிற்று. இது வெறும் உபதேசமாகவும் நிற்கவில்லை. மார்ஸ் தந்தியில் 'க்யூ.ஆர்.எஸ்.' என்ற மூன்று எழுத்தை அனுப்பினால், 'மெதுவாக அனுப்புங்கள்' என்று பொருள். எவ்வளவு தேர்ந்த கைக்காரரானாலும், எதிராளியின் வேகத்துக்குத் தம் வேகத்தைத் தணித்துக்கொள்வதே அங்கே கௌரவம். ஒரு பொழுதுபோக்கின் பரிபாஷையிலேயே புதியவன் வெட்கமின்றிப் பயன்படுத்தத் தக்க இப்படி ஒரு வேண்டுகோள் இடம்பெற்றிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இனி, ஒரு புதியவர் முதன்முதலாக வாய் திறக்கும் சந்தர்ப்பத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். காலை வேளையில், தென்னிந்திய ஹாம்கள் பலரும் கூடும் 40 மீட்டர் அலைவரிசையில், புதிதாக லைசென்ஸ் பெற்ற ஒருவர் ரேடியோவின் முன் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவர் முதலில் செய்யவேண்டியது பேசுவதன்று. குமிழை மெல்லத் திருகி, ஆள் இல்லாததாகத் தோன்றும் ஓர் இடத்தைத் தேடி, அங்கே சிறிது நேரம் காது கொடுத்திருக்க வேண்டும். தோன்றும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: சிற்றலைகள் மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், பக்கத்து ஜில்லாக்காரர் பேசுவது நமக்குக் கேளாமலும், அவரோடு பேசும் தொலைதூரத்தவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் வேளையாகவும் அது இருக்கலாம். ஆகவே, "இந்த அலைவரிசையை யாராவது உபயோகிக்கிறீர்களா?" என்று கேட்டு, தம் கால் சைனை, அதாவது லைசென்ஸோடு வழங்கப்பட்ட அடையாளக் குறியை, சொல்லி, நிறுத்திக் கேட்கவேண்டும். பதில் இல்லையானால் இன்னொரு முறை. அதன் பிறகே 'சி.க்யூ., சி.க்யூ., சி.க்யூ.' என்ற பொது அழைப்பு. அதைத் தொடர்ந்து, 'விக்டர், யூனிஃபார்ம்' என்று எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்லும் கால் சைன். பிறகு மைக்கின் பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

யாரேனும் மறுமொழி சொன்னால், என்ன பேசுவது என்று புதியவர் திகைக்க வேண்டியதே இல்லை. உங்கள் குரல் எனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கு 'ஐந்து, ஒன்பது' என்பது போன்ற ஒரு மதிப்பு, பெயர், ஊர், ரேடியோவும் ஆண்டெனாவும் என்ன வகை, வானிலை, இறுதியில் 'எழுபத்து மூன்று' என்ற வாழ்த்து. இத்தனையும் எழுதாத சாஸ்திரம் போல வரிசையாக அமைந்துகிடக்கின்றன. அறிவாளிகள் சிலர் இதைச் சாரமற்ற சடங்கு என்று பரிகசிப்பது உண்டு. கூச்ச சுபாவமுள்ள ஒருவனுக்கு இந்தச் சடங்கு எவ்வளவு பெரிய ஊன்றுகோல் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை போலும். மேலும், அங்கே பதினைந்து வயதுப் பையனையும் 'ஓ.எம்.' என்று, அதாவது பெரியவரே என்றுதான் அழைப்பார்கள். பேரன் பேத்தி எடுத்த பாட்டியையும் 'ஒய்.எல்.' என்று, இளம்பெண்ணே என்றுதான் அழைப்பார்கள். ஆடவர்களே மிகப் பெரும்பான்மையாக இருந்துவிட்ட ஒரு கூட்டத்தின் சாயல் இந்த வழக்கத்தில் தெரியத்தான் செய்கிறது. ஆனாலும் வயதையும் அந்தஸ்தையும் வாயிலிலேயே களைந்துவிடும் சௌகரியம் இதில் உண்டு என்பதை மறுக்க முடியாது.

பேசத் துணியாதவர்களுக்கும் அந்த உலகத்தில் ஓர் ஆசனம் போடப்பட்டிருந்தது. அனுப்பும் கருவி இல்லாமல் ரிசீவர் மட்டும் வைத்திருந்தவர்களைச் சிற்றலை நேயர்கள் என்று கௌரவித்தார்கள். பிரிட்டனில் இவர்களுக்கு என்றே வரிசை எண்களும் வழங்கப்பட்டன. இன்ன நாளில் இன்ன நேரத்தில் உங்கள் சமிக்ஞையை இவ்வாறு கேட்டேன் என்று இவர்களில் ஒருவர் தபாலில் எழுதினால், அதை உறுதிப்படுத்தி 'க்யூ.எஸ்.எல்.' அட்டை ஒன்று அவருக்கு வந்து சேரும். பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவனை ஒளிந்து நிற்பவனாகவும், எடுத்துக்கொண்டு கொடுக்காதவனாகவும் பார்க்கிற இணையக் கூட்டங்களின் மனோபாவத்தோடு இதை ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரு அறிஞர்கள் 1991-இல் வெளியிட்ட நூலில், லைபீரியாவின் தையற்காரர்களிடமும் யுகதான் பிரதேசத்து மருத்துவச்சிகளிடமும் தொழில் பழகியவர்களை ஆராய்ந்து, ஓரத்தில் நின்று சிறு வேலைகளைச் செய்துகொண்டே நடுவுக்கு நகர்வதுதான் கற்றலின் இயல்பு என்று காட்டினார்கள். ஓரத்தில் நிற்பது அங்கீகாரம் பெற்ற நிலையாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் உயிர்நாடி. ஹாம்கள் அந்த அங்கீகாரத்தை அட்டையில் அச்சடித்தே கொடுத்தார்கள்.

இவ்வளவு சலுகைகளும் வாயிலைக் கடந்தவனுக்கே. வாயிலோ குறுகலானது. இந்தியாவில் 1978-ஆம் ஆண்டின் விதிகளின்படி, மின்னணுவியலின் அடிப்படைகளிலும் வானொலிச் சட்டதிட்டங்களிலும் மத்திய அரசு நடத்தும் பரீட்சையில் தேறவேண்டும். அதன் பிறகும் விசாரணைகள் முடிந்து லைசென்ஸ் கைக்கு வர மாதங்கள் பல ஆகும். அமெரிக்காவில் நெடுங்காலம், மிக உயர்ந்த நிலை லைசென்ஸுக்கு நிமிஷத்துக்கு 20 சொற்கள் வேகத்தில் மார்ஸைப் புரிந்துகொள்ளும் ஆற்றலைக் கேட்டார்கள். அந்தப் பரீட்சைக்காக இரவும் பகலும் காதைத் தீட்டிக்கொண்டவர்கள், 2003-இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மகாநாடு மார்ஸ் கட்டாயத்தை நீக்கியபோதும், 2007 பிப்ரவரியில் அமெரிக்க அரசாங்கம் அதை முற்றிலும் கைவிட்டபோதும் கொதித்தெழுந்தார்கள். தகுதியற்றவர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள், பொழுதுபோக்கு அழிந்துவிடும் என்றெல்லாம் ஆருடம் கூறினார்கள். அழியவில்லை. அந்நாட்டில் இன்று லைசென்ஸ் பெற்றவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். மார்ஸையும் கட்டாயம் இல்லாமலே விரும்பிக் கற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கொதிப்புக்கு மனோதத்துவ ரீதியான காரணம் ஒன்று உண்டு. 1959-இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இருவர் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு விவாதக் குழுவில் சேருவதற்கு முன், சிலருக்குக் கூச்சம் தரும் சொற்களை உரக்கப் படிக்கும் கடுமையான தேர்வு, சிலருக்கு இலேசான தேர்வு, மற்றவர்களுக்குத் தேர்வே இல்லை. பிறகு வேண்டுமென்றே சப்பென்று அமைக்கப்பட்ட ஒரு விவாதத்தை எல்லோருக்கும் போட்டுக் காட்டியபோது, கடுமையான தேர்வைத் தாண்டியவர்களே அதை மிகவும் சுவையானது என்றார்கள். பட்ட பாடு வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. ஆகவே பாடுபட்டுப் பெற்றது உயர்ந்ததாகிவிடுகிறது. மூத்த உறுப்பினர் ஒருவர், "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் இந்தச் சோதனை எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆயினும் பரீட்சைக்கு ஒரு நன்மையை நான் ஒப்புக்கொள்ளவே வேண்டும். அதற்குப் பாடத்திட்டம் உண்டு, தேதி உண்டு, தேறும் மதிப்பெண் உண்டு. தேறிவிட்டால் பிறகு எவரும் உன் தகுதி என்ன என்று கேட்பதில்லை. கால் சைனே அத்தாட்சி. பரீட்சையே வைக்காத கூட்டத்தில் பரீட்சை மறைந்துவிடுவதில்லை. தினந்தோறும், யார் வேண்டுமானாலும், முன்னறிவிப்பின்றி நடத்துவதாக அது மாறிவிடுகிறது.

ஹாம்களிடையேயும் தாமாகவே பரீட்சாதிகாரி உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டவர்கள் இல்லாமல் இல்லை. ஹாம்களே இல்லாத தீவு ஒன்றிலிருந்து யாராவது ஒலிக்கத் தொடங்கினால், அவரோடு ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும் என்று உலகமே முண்டியடிக்கும். அத்தகைய நேரத்தில் தீவுக்காரர் தாம் பேசும் இடம் ஒன்று, கேட்கும் இடம் சற்றுத் தள்ளி வேறொன்று என்று வைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் கூச்சலில் அவர் குரலே மூழ்கிவிடும். விஷயம் தெரியாத புதியவர் ஒருவர் அவர் பேசும் இடத்திலேயே அழைத்துவிடுகிறார். உடனே, 'மேலே! மேலே!' என்று பத்துப் பேர் அந்த இடத்திலேயே கத்துகிறார்கள். இன்னும் சிலர் வசைமொழி பொழிகிறார்கள். புதியவர் செய்த இடையூறு மூன்று விநாடி. அவரைத் திருத்த வந்தவர்கள் செய்யும் இடையூறு மூன்று நிமிஷம். தேர்ந்த ஹாம்கள் இத்தகையவர்களைப் போலீஸ்காரர்கள் என்று ஏளனம் செய்வார்கள். அந்தக் கூச்சலில் கலந்துகொள்ளாமல் வாய் மூடியிருப்பதே தேர்ச்சியின் அடையாளம் என்பார்கள்.

ஒழுங்கை வற்புறுத்துவதே வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாகாது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மையாரின் குழு போர்ட் பிளேருக்குச் சென்று, பதினேழு ஆண்டுகளாக ஹாம் ஒலி எழாதிருந்த அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. உலகமெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் அழைத்துக்கொண்டிருந்த அந்த நிலையமே, 26-ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் செயலற்றபோது, தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே செய்தி சுமக்கும் நிலையமாயிற்று. சுருங்கச் சொல்லவும், முறை வரும்வரை வாய் மூடியிருக்கவும், கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தவும் விளையாட்டாகப் பழகியவை அன்று பயன்பட்டன.

இந்தப் பழக்கங்களை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? புத்தகம் அன்று. ஒவ்வொரு ஹாமுக்கும் ஒரு குரு இருக்கிறார். ஆண்டெனா கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டவர், முதல் அழைப்பின்போது பக்கத்தில் அமர்ந்திருந்தவர். அமெரிக்காவில் இத்தகையவரை 'எல்மர்' என்று அழைக்கிறார்கள். 1971-இல் ராட் நியூகர்க் என்பவர் சங்கப் பத்திரிகையில், பலரைக் கைதூக்கிவிட்ட எல்மர் ஃப்ரோஹார்ட் என்ற முதியவரைப் புகழ்ந்து எழுதப்போக, அந்த மனிதரின் பெயரே ஓர் உத்தியோகத்தின் பெயராகிவிட்டது. சம்பளம் இல்லாத, நியமனம் இல்லாத உத்தியோகம்.

இப்பொழுது விக்கிப்பீடியாவுக்கு வருவோம். 2001 ஜனவரி 15-இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்துக்கு வாயிற்கதவே இல்லை. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். துணிந்து எழுது என்பதும், புதியவர்களைக் கடித்துக் குதறாதே என்பதும் அதன் ஆரம்பகால நெறிகள். ஆனால் 2005-இல், ஜான் சீகன்தாலர் என்ற முதுபெரும் பத்திரிகையாளரைப் பற்றிய கட்டுரையில், கென்னடி கொலையோடு அவரைச் சம்பந்தப்படுத்தி யாரோ எழுதிவைத்த அப்பட்டமான பொய், நான்கு மாத காலம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு காவல் பலப்பட்டது. புதிய திருத்தங்களை நொடியில் காட்டி, ஒரே சொடுக்கில் நீக்கவும், நீக்கப்பட்டவருக்கு முன்பே எழுதிவைத்த எச்சரிக்கை ஒன்றை அனுப்பவும் வல்ல கருவிகள் வந்தன; மனிதர் உதவியின்றியே நீக்கும் யந்திரங்களும் வந்தன. 2007-இல் ஐம்பதாயிரத்தை எட்டியிருந்த ஆங்கில விக்கிப்பீடியாவின் தீவிரப் பங்களிப்பாளர் தொகை, அதன்பின் ஆண்டுக்காண்டு இறங்கியது. ஆரன் ஹாஃபேக்கரும் அவர் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதன் காரணத்தை விளக்கிற்று. நல்லெண்ணத்தோடு வந்தவர்களின் தரம் குறைந்துவிடவில்லை. அவர்களுடைய முதல் முயற்சிகள் முன்னிலும் அதிகமாகத் தூக்கி எறியப்பட்டன. எறியப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை.

எலிசபெத் ஜாய்ஸ், ராபர்ட் கிரௌட் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட இன்னோர் ஆராய்ச்சியை இதனருகே வைத்துப் பார்க்கவேண்டும். இணைய விவாதக் குழுக்களில் முதன்முறையாக எழுதிய புதியவர்களுள் யார் மறுபடியும் எழுதுகிறார்கள் என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். ஏதேனும் ஒரு மறுமொழி கிடைத்தவர்களே அதிகமாகத் திரும்பி வந்தார்கள். அந்த மறுமொழி இனிமையாக இருந்ததா, கேட்ட கேள்விக்கு விடையளித்ததா என்பதெல்லாம் குறிப்பிடத் தக்க வேற்றுமையை உண்டாக்கவில்லை. அப்படியானால் விக்கிப்பீடியாவின் எச்சரிக்கையும் ஒரு மறுமொழிதானே, அது ஏன் ஆட்களை விரட்டியது என்ற ஆட்சேபம் எழலாம். என் கருத்து இது: கடுமையாகப் பேசுகிறவனும் ஒரு மனிதன், அவனோடு சண்டையாவது போடலாம். அச்சடித்த எச்சரிக்கைக்குப் பின்னால் மனிதன் தென்படுவதில்லை. விக்கிப்பீடியர்களே இதை உணர்ந்து 2012-இல் 'தேநீர்க் கூடம்' என்ற பெயரில் புதியவர்கள் எதையும் கேட்கத் தக்க ஓர் இடத்தை ஏற்படுத்தினார்கள். அங்கே வருமாறு அழைக்கப்பட்டவர்கள், அழைக்கப்படாதவர்களைக் காட்டிலும் அதிகமாக நிலைத்து நின்றார்கள் என்பது பின்னர் முறையான சோதனையால் தெரியவந்தது.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் நிலை சற்று வேறு. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை, இலங்கையைச் சேர்ந்த மயூரநாதன் போன்ற சிலருடைய அசாதாரண உழைப்பும், அவர்களைத் தொடர்ந்து வந்த ஒரு சிறிய கூட்டத்தின் சிரத்தையுமே உருவாக்கின. சிறிய கூட்டமாதலால் புதியவர் வந்தது உடனே தெரிந்துவிடும்; பொது விஷயங்களைப் பேசுவதற்கு 'ஆலமரத்தடி' என்ற பக்கமும், எழுதிப் பழகுவதற்கு 'மணல்தொட்டி' என்ற இடமும் உண்டு. ஆனாலும் சங்கடங்கள் வரத்தான் செய்யும். தம் ஊரைப் பற்றி ஆசையோடு பத்து வரி எழுதுகிற ஒருவர், ஊர்க்கோயில் சக்திவாய்ந்தது என்றும் மக்கள் அன்பானவர்கள் என்றும் எழுதிவிட்டு, சான்று எங்கே என்ற கேள்வியைக் கண்டு புண்பட்டுப் போகிறார். தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒருவர், ஈழத்துக் கட்டுரையில் இலங்கை வழக்குப்படி 'புகையிரதம்' என்றிருப்பதைப் பிழை என்று கருதி 'ரயில்' என்று மாற்றிவிட்டு, அது மறுபடி பழையபடியே ஆனதைக் கண்டு கோபித்துக்கொள்கிறார். இரண்டிலும் விதி சரியானதே. இரண்டு வரி எழுதி விளக்குவதற்கு அன்று யாருக்காவது பொழுது இருந்ததா என்பதைப் பொறுத்தே அவர் நிலைப்பதும் போவதும் நிர்ணயமாகின்றன.

ஹாம் உலகத்துக்கும் இப்போது யந்திரம் வந்துவிட்டது. இரட்டைத் துடிவிண்மீன் ஆராய்ச்சிக்காக 1993-இல் பௌதிக நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லரும், ஸ்டீவன் ஃபிராங்கேயும் 2017-இல் வெளியிட்ட எஃப்.டி.8 என்ற முறையில், கணினிகளே பதினைந்து விநாடிக்கு ஒரு முறை மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. கால் சைன், இருப்பிடத்தைக் குறிக்கும் நான்கு எழுத்து, சமிக்ஞையின் பலம், எழுபத்து மூன்று, அவ்வளவுதான் சம்பாஷணை. காதுக்குக் கேளாத அளவு நலிந்த சமிக்ஞையையும் அது பிடித்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழக் கம்பியைத் தொங்கவிட்டிருப்பவனும் கண்டங்களைத் தொடலாம் என்பதால், புதியவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். மார்ஸ் போனபோது அழுதவர்கள் இதற்கும் அழுகிறார்கள். முன்னைய அழுகையில் எனக்கு அநுதாபம் இல்லை; இதில் கொஞ்சம் உண்டு. ஏனெனில் பல ஊர்களின் ஹாம் சங்கங்கள் வானலையில் நடத்தும் அன்றாடக் கூட்டங்களில், நடத்துகிறவர் வருகைப் பட்டியலை வாசித்து முடித்ததும், "புதிதாக யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டு அலைவரிசையைச் சற்றுத் திறந்து வைத்திருப்பார்; பதில் வந்தால் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொண்டு, ஆண்டெனா எப்படி இருக்கிறது என்றும் விசாரிப்பார். எஃப்.டி.8-இல் சுயேச்சையாக எழுதுவதற்கு அனுமதிக்கப்பட்ட இடம் பதின்மூன்று எழுத்து. அதற்குள் அந்தக் கேள்வி அடங்காது.